தொட்டா தட்டுப்படணும்: ஒரு பேனல்காரனோட ஆறு நாள் ஊர்சுத்தல்

நாள் 1: ஏர்போர்ட்டுலயே ராத்தங்கல்

ஆபீஸ் வேலையா ரெண்டு வாரம் நியூஜெர்சி அனுப்பிச்சிருந்தாங்க, அது நேத்தோட முடிஞ்சுது. நேரா ஊருக்குக் கிளம்பியிருக்கலாம், ஆனா முன்னாடியே 6 நாள் லீவு கேட்டு வாங்கி வெச்சுட்டேன். "அங்க என்னத்த பாக்கப் போறீங்க"ன்னு வீட்டம்மா கேட்டாங்க, "பழைய சுவிட்சு"ன்னேன். போன வெச்சுட்டாங்க.

நம்ம பொழப்பு என்னன்னு சொல்லிடறேன். கோயமுத்தூர், கன்ட்ரோல் பேனல் வேலை. பாய்லர், பம்ப் ஹவுஸ், சாயப்பட்டறை, எதுக்கு வேணாலும் பேனல் போட்டுத் தருவோம். ஒரு அஞ்சாறு வருசமா பட்டன், லாம்ப், மீட்டர் எல்லாத்தையும் தூக்கிட்டு ஒரே ஒரு டச் ஸ்க்ரீன வெச்சு முடிச்சிடறது, வயரிங் மிச்சம், பாக்கவும் ஜம்முனு இருக்கும், பார்ட்டியும் சந்தோசமா செக் குடுத்துருவாரு. போன வருசம் ஒரு சாயப்பட்டறைல நான் நிக்கறப்பவே அலாரம் அடிச்சுது, ஆபரேட்டர் அண்ணன் ஓடி வந்து தொடறாரு, கை பூரா சாயத் தண்ணி, ஸ்க்ரீன் கேக்கல, வேட்டில தொடச்சுட்டு மறுபடி தொடறாரு, அப்பவும் கேக்கல, நாலாவது தடவைதான் நின்னுச்சு. திரும்பி என்னைப் பாத்து "தம்பி, இந்தக் கண்ணாடியத் தொட்டா தொட்டதே தெரிய மாட்டீங்குது, தட்டுப்படற மாதிரி ஒண்ணு குடுங்"ன்னாரு. அந்த ஸ்க்ரீன டிசைன் பண்ணது நான்தான், அவருக்கு அது தெரியாது, நானும் சொல்லல.

சின்ன வயசுலருந்தே ராக்கெட்டு ஏரோப்ளேன்னா நமக்கு ஒரு கிறுக்கு, அதோட இந்த முள்ளும் சேந்துக்குச்சு. அதான் இந்தப் பயணம்.

மொத ராத்திரி நியூயார்க் கென்னடி ஏர்போர்ட்டுக்குள்ளயே இருக்கற டிடபிள்யூஏ ஹோட்டல்ல. வாடகை எவ்வளவுன்னு இங்க போட மாட்டேன், வீட்டம்மா இதப் படிப்பாங்க. இது ஹோட்டலா கட்டுனதே இல்ல, டிடபிள்யூஏ விமானக் கம்பெனியோட டெர்மினல், ஈரோ சாரினென் டிசைன், 1962 மே மாசம் தெறந்தாங்க, அவரு அதுக்கு முந்தின வருசமே மூளைக் கட்டியில போயிட்டாரு, 51 வயசுதான். கட்டி முடிச்சத அவரு பாக்கவே இல்ல.

உள்ள நொழஞ்சதும் ஒரு நிமிசம் எங்க பாக்கறதுன்னே தெரியல. கூரை நாலு கான்க்ரீட் ஓடு, நாலுக்கும் நடுவுல இடைவெளி விட்டு கண்ணாடி போட்டு வெளிச்சம் எறங்குது, மொத்தத்தையும் தாங்கறது ஒய் ஷேப்புல நாலே நாலு தூணு. அந்தத் தூணு எங்க முடிஞ்சு கூரை எங்க ஆரம்பிக்குதுன்னு கோடு கிழிக்க முடியாது, ஆலமரத்துல கெளை எங்க பிரியுதுன்னு கேக்கற மாதிரி. படிக்கட்டு, கவுன்டர், தகவல் பலகை எல்லாமே அதே வளைவு. தரைல கால் ரூவா காசை விட சின்ன வட்ட வட்ட டைல்ஸு, லட்சக்கணக்குல இருக்கும், வளைஞ்ச செவுத்துமேல சதுர டைல்ஸ் ஒட்டிப் பாத்தவனுக்குத்தான் ஏன் வட்டம்னு புரியும்.

அப்பறம் அந்தப் போர்டு. இத்தாலி சோலாரி கம்பெனி ஃப்ளாப் போர்டு, எழுத்துக எல்லாம் சின்னச் சின்ன தகடு, சடசடசடன்னு பொரண்டு ஊர் பேரு மாறும். கொட்டாம்பட்டி மழை தகரக் கூரைல விழற சத்தம்னு வெச்சுக்கங்க. நான் அதுக்கு எதுத்தாப்புல பள்ளத்துல இருக்கற செகப்பு சோபால முக்கா மணி நேரம் உக்காந்திருந்தேன். பேனல்காரனா ஒண்ணு சொல்றேன், இந்தப் போர்டுல ரெண்டு விசயம் நம்ம எல்ஈடில இல்ல: கரண்டு போனாலும் கடைசியா காட்டுனது அப்படியே நிக்கும், இன்னொண்ணு, மாறுனா காதுல கேக்கும். தூங்கிட்டு இருக்கறவன் கூட தலை தூக்கிப் பாப்பான். அலாரம் தனியா வேண்டியதில்ல, மாறறதே அலாரம்.

ரூம்ல பழைய சுத்தற டயல் போன். ஜன்னல் கண்ணாடி 4.5 இன்ச் கனம், ஏழு அடுக்கு, ரன்வே பக்கத்துலயே இருந்தும் இன்ஜின் சத்தம் உள்ள வரல, விமானமெல்லாம் ஊமைப் படம் மாதிரி எறங்குது. வெளிய நிறுத்தி வெச்சிருக்கற லாக்ஹீட் கான்ஸ்டெலேஷன் இப்ப பார் ஆயிருச்சு. 1958ல செஞ்சது, வால்ல மூணு துடுப்பு, ஒரே வாலா வெச்சா ஹேங்கர் கதவுல இடிக்கும்னு மூணாப் பிரிச்சாங்கன்னு சொல்லுவாங்க. அதோட இன்ஜின்ல, வெளிய போற பொகையில ஒரு டர்பைன வெச்சு அந்த சக்திய திரும்ப க்ராங்க்குக்கே குடுத்துருவாங்க, கரும்புச் சக்கைய அடுப்புக்குப் போடற வெல்லக்காரர் புத்திதான்.

ஒண்ணு மட்டும் உறுத்துச்சு. அழகு அழகுன்னு சொல்றேனே தவிர இதுல பாதி நாடக செட்டு. வேலை பாக்கற பசங்க பழைய யூனிஃபார்ம்ல நிக்கறாங்க, போட்டோ எடுக்கறதுக்குன்னே எல்லாம் வெச்சிருக்கு. இந்தக் கட்டடம் டெர்மினலா தோத்துப் போனது, அதயும் சொல்லணும். ஜெட் அப்பதான் வந்துட்டிருந்த நேரத்துல வரைஞ்சது, 1970ல 747 வந்து ஒரே தடவைல மூணு மடங்கு சனத்த எறக்குச்சு, இந்த முட்டை ஓட்ட நீட்டவும் முடியல அகலப்படுத்தவும் முடியல. 2001ல மூடுனாங்க, 2019ல தான் ஹோட்டல்.

நாள் 2: ஆத்தங்கரைல கான்கார்டு

ஹட்சன் ஆத்துல இன்ட்ரெபிட்னு ஒரு விமானந்தாங்கிக் கப்பல் நிக்குது, 1943ல கடற்படைல சேந்தது, இப்ப மியூசியம். ஸ்காட் கார்பென்டர் 1962ல பூமியச் சுத்திட்டு கடல்ல விழுந்தப்ப போய்த் தூக்குனதும், 1965ல ஜெமினி 3 கேப்ஸ்யூலத் தூக்குனதும் இதே கப்பல்தான். டெக் பூரா போர் விமானம், அதெல்லாம் வேகமா தாண்டிட்டேன், எனக்கு வேண்டியது கரைல நிக்கற கான்கார்டு, ஒலிய விட வேகமாப் போன பயணிகள் விமானம்.

ப்ரிட்டிஷ் ஏர்வேஸோட ஆல்ஃபா டெல்டா. 1996 பிப்ரவரி 7ம் தேதி நியூயார்க்ல கெளம்பி லண்டன்ல எறங்க 2 மணி 52 நிமிசம் 59 செகண்ட், பயணிகள் விமானத்துல இன்னிக்கு வரைக்கும் ரெக்கார்ட். நான் ஜங்ஷன்ல பஸ் ஏறி திருச்சி போக இதை விட நேரமாகும். உள்ள போனா ஏமாத்தமா இருக்கும், நம்ம மினி பஸ் அளவுதான், ரெண்டு ரெண்டா சீட்டு, ஜன்னல் உள்ளங்கை அகலம். ஆனா காக்பிட்ட எட்டிப் பாத்தா, ஐயோ. செவுரு பூரா மீட்டர். பைலட்டுகளுக்குப் பின்னாடி ஃப்ளைட் இன்ஜினியர் பக்கவாட்டுல உக்காந்துக்குவாரு, அவரு பேனல் மட்டும் ஒரு ரெண்டு கதவு பீரோ அகலம் இருக்கும்.

அவருக்கு என்ன வேலைன்னா, எரிபொருள முன்னும் பின்னும் பம்ப் பண்ணிட்டே இருக்கணும். ஒலி வேகத்தத் தாண்டறப்ப லிஃப்ட் பின்னாடி நகந்துரும், மூக்கு கீழ கவுரப் பாக்கும், அதைச் சமாளிக்க டன் கணக்குல எரிபொருள பின் டேங்குக்குத் தள்ளுவாங்க, வேகம் கொறையறப்ப திரும்ப முன்னாடி. தள்ளுவண்டில பாரத்த நகத்தி வெச்சு பேலன்ஸ் பண்ற அதே கணக்கு, 18 கிலோமீட்டர் ஒசரத்துல. மாக் 2ல, அதாவது ஒலிய விட ரெண்டு மடங்கு வேகத்துல போறப்ப காத்து உரசி மூக்கு 127 டிகிரி வரைக்கும் சூடாகும், மொத்த விமானமும் 15லருந்து 25 சென்டிமீட்டர் நீண்டுரும், இன்ஜினியர் பேனலுக்கும் பக்கத்து தடுப்புக்கும் நடுவுல ஒரு கை நொழையற சந்து தெறக்கும், கீழ எறங்குனா மூடிக்கும். அந்த இடத்த உத்துப் பாத்துட்டே நின்னேன், பின்னாடி வரிசைல ஒரு பாட்டி இருமுனாங்க, நகந்துட்டேன்.

மூக்கு எறங்கறதப் பத்தியும் சொல்லணும். டெல்டா ரெக்கை, அதாவது முக்கோண ரெக்கைன்னால எறங்கறப்ப மூக்க ரொம்பத் தூக்கி வரும், பைலட்டுக்கு ரன்வே தெரியாது. அதுக்காக மூக்கையே மடக்கற மாதிரி செஞ்சாங்க, டேக் ஆஃப்ல 5 டிகிரி, லேண்டிங்ல 12.5 டிகிரி. இன்னிக்கு செய்யறவன் ஒரு கேமராவும் ஸ்க்ரீனும் வெச்சு முடிச்சிருவான், தப்பும் சொல்ல மாட்டேன், நானும் அதைத்தான் செஞ்சிருப்பேன்.

கப்பலோட மேல்தளத்துல தனிக் கொட்டகைல என்டர்ப்ரைஸ். நாசாவோட மொத விண்வெளி ஷட்டில். ஆனா விண்வெளிக்கே போனதில்ல. 1977ல 747 முதுகுல ஏத்திட்டுப் போய் மேல விட்டு, தானா எறங்குதான்னு பாத்த வண்டி. இன்ஜின் டம்மி, டைல்ஸெல்லாம் தெர்மக்கோல் மாதிரி ஃபோம். 2012ல இது நியூயார்க் வந்தப்ப எறங்குனது நான் நேத்து தூங்குன அதே கென்னடி ஏர்போர்ட்டுல, அதுவும் 747 முதுகுல. அந்த 747 எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும், அஞ்சாம் நாள் வரைக்கும் பொறுங்க.

நாள் 3: ரயில், கால்வலி

வாஷிங்டனுக்கு ரயில். ஜன்னலோரம் உக்காந்து நல்லாத் தூங்கிட்டேன். சாயங்காலம் கொண்டு வந்த புளியோதரை மிக்ஸ்ல சோறு கலந்து தின்னுட்டு காலுக்கு அமிர்தாஞ்சன் போட்டுப் படுத்தேன். எழுத ஒண்ணுமில்ல.

நாள் 4: தூளி மாதிரி ஒரு கூரை, அப்பறம் டிஸ்கவரி

வாஷிங்டனோட டல்லஸ் ஏர்போர்ட்டும் (டெக்சாஸ் டல்லாஸ் இல்ல, இது வேற) சாரினென் வரைஞ்சதுதான், அதுவும் 1962தான், நவம்பர். ஆனா ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. கென்னடில கூரை தன் எடைய அழுத்தி அழுத்தி தூணுக்கு எறக்குது. இங்க ரெண்டு பக்கமும் வெளிப்பக்கமா சாஞ்ச தூண் வரிசை, நடுவுல கேபிள் கட்டித் தொங்க விட்டு அதுல கான்க்ரீட். தூளியேதான். ரெண்டு பேரு ஆளுக்கொரு முனையப் புடிச்சுப் பின்னால சாஞ்சு சேலைய இழுத்துப் புடிச்ச மாதிரி. தூளின்னா ஒரு வசதி, பக்கத்துல இன்னொரு தூளி கட்டிக்கலாம்: 1996ல இதே டிசைன ரெண்டு பக்கமும் நீட்டிட்டாங்க, எங்க ஒட்டு போட்டதுன்னு தெரியல. முட்டை ஓடு ஹோட்டலாயிருச்சு, தூளி இன்னும் ஏர்போர்ட்டாவே இருக்கு. எது நல்ல டிசைன்னு கேட்டா மனசு அதைச் சொல்லுது, புத்தி இதைச் சொல்லுது.

பக்கத்துலயே உட்வார் ஹேஸி மியூசியம், ஸ்மித்சோனியனோடது, உள்ள போக காசில்ல (கார்ல போனா பார்க்கிங்ல புடிங்கிக்குவாங்க, நான் பஸ்). நொழஞ்சதும் மூஞ்சிக்கு நேரா கறுப்பா ஒண்ணு நிக்கும், எஸ்ஆர்-71 வேவு விமானம். இதே வண்டி 1990 மார்ச் 6ம் தேதி லாஸ் ஏஞ்சலஸ்லருந்து வாஷிங்டனுக்கு 64 நிமிசம் 20 செகண்ட்ல வந்து, அப்படியே மியூசியத்துக்குன்னு குடுத்துட்டாங்க. ரிட்டயராகிற அன்னிக்கு ரெக்கார்டு போட்டுட்டுப் போற ஆள நான் வேற எங்கயும் பாத்ததில்ல. ஒடம்பு பூரா டைட்டானியம், அந்த டைட்டானியத்த வேற ஆள் பேர்ல சோவியத் நாட்டுலருந்தே வாங்கி, அவங்களையே வேவு பாக்க செஞ்சாங்க. சூட்டுல விரியணும்னு இடைவெளி விட்டதுல தரைல நிக்கறப்ப எரிபொருள் ஒழுகிட்டே இருக்குமாம், மேல போய் சூடானாத்தான் அடையும். நம்ம சைட்ல ஒரு வால்வு சொட்டுனா என்ன பேச்சு வாங்கறோம்.

அதுக்குப் பின்னாடி டிஸ்கவரி ஷட்டில். 39 தடவை போயிட்டு வந்த வண்டி, ஹபிள் டெலஸ்கோப்ப மேல கொண்டு போய் வெச்சது இதுதான். நேத்து முந்தாநாள் பாத்த என்டர்ப்ரைஸ் வெள்ளை வேட்டி மாப்பிள்ளை மாதிரி இருக்கும். இது அப்படியில்ல, அடுப்புல ஏறி எறங்குன சட்டி. ஒவ்வொரு கறுப்பு டைல்லயும் நம்பர் எழுதியிருக்கு, ஏன்னா ஒண்ணு மாதிரி இன்னொண்ணு கிடையாது, ஒவ்வொண்ணும் அதது எடத்துக்குன்னே அறுத்தது. சிலது வெளுத்து சாம்பல் கலர், அங்கங்க மாத்துன புதுசு மட்டும் கருகருன்னு, பழைய வீட்டுல ஓடு மாத்துன மாதிரி. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, எதுக்குன்னு சரியாத் தெரியல.

வெளிய வர்ற வழில ஒரு வெள்ளி நெற கேரவன் வண்டி. அப்பல்லோ 11 ஆளுக நெலால இருந்து வந்ததும் கிருமி கிருமின்னு பயந்து இதுக்குள்ளதான் வெச்சு அடைச்சாங்க, ஏர்ஸ்ட்ரீம் கம்பெனி ஊர்சுத்தற வண்டிய சக்கரம் கழட்டி மாத்தி எடுத்தது. நெலாவுக்குப் போக ஆயிரம் கண்டுபிடிப்பு, வந்து உக்கார மார்க்கெட்ல கெடச்ச வண்டி. இந்த மாதிரி புத்தி எனக்கு ரொம்பப் புடிக்கும். நம்மூர் பட்டறைக்காரன் புத்தி.

சாயங்காலம் ஹூஸ்டன் ப்ளேன். டல்லஸ்ல மொபைல் லவுஞ்சுன்னு ஒண்ணு இருக்கு, சாரினென் யோசனைதான்: ஆளு ப்ளேன் வரைக்கும் நடக்கறதுக்குப் பதிலா வெய்ட்டிங் ரூமையே சக்கரம் வெச்சு ஓட்டிரலாம்னு. இப்ப டெர்மினலுக்கும் டெர்மினலுக்கும் நடுவுல மட்டும் ஓடுது. ரயிலு இருந்தும் வேணும்னே அதுல ஏறுனேன். யானை மேல உக்காந்த மாதிரி ஆடி ஆடிப் போச்சு.

நாள் 5: ஹூஸ்டன், மூணாவது மாடி

வெயிலு நம்மூர் மே மாசம் மாதிரி, புழுக்கம் மெட்ராஸ் மாதிரி. நாசாவோட ஸ்பேஸ் சென்டர் வாசல்லயே என்னோட 747! நாசா 905. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஓட்டுன செகண்ட் ஹேண்ட் வண்டி, 1974ல நாசா வாங்குனது. 1977ல என்டர்ப்ரைஸ முதுகுல தூக்குனதும், 2012ல டிஸ்கவரிய டல்லஸ்ல எறக்குனதும், என்டர்ப்ரைஸ நியூயார்க்ல எறக்குனதும் இதேதான். ரெண்டு புள்ளைகளையும் ஆளுக்கொரு ஊர்ல கட்டிக் குடுத்துட்டு, இது முதுகுல ஒரு மாடல் ஷட்டில சொமந்துட்டு இங்க நிக்குது.

நெலாவுக்கு ஆளக் கொண்டு போன ராக்கெட் வகை, சாட்டர்ன் 5, தனிக் கொட்டகைல படுக்கப் போட்டிருக்கு, 110 மீட்டர், நடந்து முடிக்கவே நேரமாகுது. மூணு ஸ்டேஜும் பறக்கறதுக்குன்னே செஞ்சது, பயணம் ரத்தானதால தரைலயே தங்கிருச்சு. இதைப் பத்தி எழுதுனா இன்னிக்குப் பதிவு முடியாது, விட்டுர்றேன்.

ஏன்னா நான் வந்தது மிஷன் கன்ட்ரோல பாக்க, விண்வெளிப் பயணத்த கீழருந்து நடத்துன ரூமு. தனி டிக்கெட், ட்ராம்ல கூட்டிட்டுப் போறாங்க, படியேறிப் போனா கண்ணாடிக்குப் பின்னாடி பார்வையாளர் வரிசை, அந்தக் காலத்து சீட்டு, முதுகுல சாம்பல் கிண்ணம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த ரூமு. வெளிறுன பச்சைல நாலு வரிசை கன்சோல். 2019ல நெலாப் பயணத்தோட 50வது வருசத்துக்கு 1969ல இருந்த மாதிரியே திருப்பி வெச்சிருக்காங்க, காப்பிக் கப்பு, சிகரெட் பாக்கெட், ஃபைலு, எல்லாம். செவுத்துப் பேப்பரோட பழைய டிசைன் ஒரு தீயணைக்கற சிலிண்டருக்குப் பின்னாடி கிழிக்காம விட்டது கெடச்சு, அதைப் பாத்து புதுசு அடிச்சாங்களாம். இதுவும் செட்டுதானேன்னு மொத நாள் கேட்ட கேள்வி திரும்ப வந்துச்சு. ஆனா கன்சோல் செட்டு இல்ல, அது உண்மை.

நெறைய பேருக்குத் தெரியாத ஒண்ணு: அந்தக் கன்சோல்ல கம்ப்யூட்டரே கிடையாது. வெறும் டிவி. கம்ப்யூட்டர் கீழ் மாடில, ஐபிஎம் 360/75 அஞ்சு. அது நம்பர மட்டும் ஒரு ட்யூப்ல காட்டும், அட்டவணைக் கோடும் தலைப்பும் தனியா ஒரு ஸ்லைடுல அச்சடிச்சிருக்கும், ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணா கேமரா படம் புடிச்சு மேல அனுப்பும். பேப்பர் அனுப்பணும்னா காத்துக் குழாய், உருளைல போட்டு விட்டா அடுத்த ரூமுக்கு உறிஞ்சிட்டுப் போயிரும். இந்த ஏற்பாட்ட வெச்சுத்தான் நெலாவுக்குப் போனாங்க.

இந்த ரூம்ல எனக்குப் புடிச்ச கதை அப்பல்லோ 11 இல்ல, 12. 1969 நவம்பர் 14, மழைல கெளப்புனாங்க, 36 செகண்டுல ஒரு இடி, 52ல இன்னொண்ணு. மேல எச்சரிக்கை லைட்டெல்லாம் ஒரே நேரத்துல எரியுது, கீழ டெலிமெட்ரி, அதான் ராக்கெட்லருந்து வர்ற அளவு நம்பரெல்லாம், பூரா குப்பை. எலக்ட்ரிக்கல் கன்சோல்ல ஜான் ஏரன், 26 வயசு. ஒரு வருசம் முன்னாடி ஏதோ ஒரு டெஸ்ட்டப் பாத்துட்டிருந்தப்ப இதே குப்பை நம்பர் வந்தது அவருக்கு ஞாபகம், அப்பவே ஏன்னு தோண்டித் துருவி வெச்சிருந்தாரு. எஸ்சிஈ (அந்த அளவு சிக்னல சரிபண்ணி அனுப்பற பெட்டி) சுவிட்ச ஆக்ஸுக்கு, அதாவது மாத்து பவருக்குப் போடுன்னாரு. அப்படி ஒரு சுவிட்ச் இருக்கறது ஃப்ளைட் டைரக்டருக்கே தெரியல, மேல கமாண்டருக்கும் புரியல. வலது சீட்ல இருந்த ஆலன் பீனுக்கு மட்டும் அது எங்கன்னு தெரியும். தட்டுனாரு. நம்பர் வந்துச்சு. அஞ்சு நாள்ல நெலா.

எல்லாரும் இதை ஏரனோட ஞாபகசக்திக் கதையாச் சொல்லுவாங்க, சரிதான். நான் பீனோட கையப் பத்தி யோசிச்சேன். ராக்கெட் கிடுகிடுன்னு ஆடுது, கையில க்ளவுஸ், முன்னாடி நூத்துக்கணக்குல சுவிட்ச், ஆனா அந்தச் சுவிட்ச் ஒரே எடத்துலதான் இருந்துச்சு. மெனு மாறல, பக்கம் புரட்ட வேண்டியதில்ல. இதே சென்டர்ல அப்பல்லோ 17 கேப்ஸ்யூல் வெச்சிருக்காங்க, உள்ள எட்டிப் பாத்தா ஒவ்வொரு சுவிட்சுக்கும் ரெண்டு பக்கமும் சின்ன வளைஞ்ச கம்பி, மாட்டு வண்டிக்கு முளைக்குச்சி மாதிரி. தெரியாம இடிச்சு மாறிடக் கூடாதுன்னு. ஆனா க்ளவுஸ் கைக்கு அந்தக் கம்பிதான் புடிமானமும், விரல் அதுல முட்டுனா சுவிட்ச் எங்கன்னு பாக்காமயே தெரியும். நான் இத்தனை நாளா அழகு அழகுன்னு படம் புடிச்சு வெச்சதெல்லாம் க்ளவுஸ் போட்டவனுக்காக எவனோ யோசிச்சது. சாயக் கையும் க்ளவுஸ் கையும் ஒண்ணுதானே.

கண்ணாடி முன்னாடி நின்னு அந்த எலக்ட்ரிக்கல் கன்சோலத் தேடிட்டு இருந்தேன், லைட்ட அணைச்சு எங்கள வெளிய அனுப்பிட்டாங்க.

நாள் 6: திரும்பறேன்

ஏர்போர்ட் கேட்டுலருந்து டைப் பண்றேன். காலைல டிஷ்யூ பேப்பர்ல ஒரு ஸ்கெட்ச் போட்டு, நம்ம பேனல் ஷாப் தம்பிக்கு வாட்ஸ்அப்ல அனுப்புனேன். அந்தச் சாயப்பட்டறை பேனல் கதவுல ஸ்க்ரீனுக்குக் கீழ ஒரு பட்டன், அலாரம் நிறுத்தறதுக்கு மட்டும், உள்ள லைட் எரியணும், ரெண்டு பக்கமும் வளைஞ்ச கம்பி.

"அண்ணே, ஸ்க்ரீன்லயே இருக்கே அது?"

"இருக்கட்டும்."

"சரிங்ணா. 22 எம்எம் போட்டுரட்டா?"

"30."

"30 ஸ்டாக் இல்லீங்ணா, வர ரெண்டு வாரமாகும். அந்தக் கம்பி கடைல கெடைக்காது, நாமதான் வளைக்கணும்."

"வளைச்சுக்கலாம். எட்டு எம்எம் ராடு இருக்கான்னு பாரு."

"ஆறுதான் இருக்கு."

போர்டிங் கூப்பிட்டுட்டாங்க. ஆறே போதும்னு அனுப்பிட்டுப் போறேன்.